டிவி கண்ணடிக்கிறதா?

ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் வட்டாரத்தில் காரும் கண்ணாடியும் கைப்பேசியும் தயாராகின்றன. ஆனால் வீட்டு டிவி துடித்தால் அங்கேயும் முதல் வைத்தியம், அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டுவதுதான். பழைய டப்பா டிவிக்கு அது சில நேரம் பலித்தது. உள்ளே விட்டுப்போயிருந்த சால்டரிங் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். இன்றைய தட்டை டிவியைத் தட்டினால் இருக்கிற படமும் போய்விடும். மணிமங்கலம் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும் இதோ.

நரசிம்மவர்மப் பல்லவன் புலிகேசியை விரட்டியடித்த ஊர் எங்கள் மணிமங்கலம். இங்கே 43 இன்ச் டிவி ஒன்றை அடக்க ஆள் இல்லை. படம் விட்டுவிட்டுத் துடிக்கிறது. பார்க்க வந்தவர் வாசலில் நின்றபடியே ‘பேனல் போச்சு’ என்றார். நம்பலாமா?

642 வாக்கில் நடந்த அந்தப் போரில் பல்லவர்களுக்கு ஒரு வசதி இருந்தது: எதிரி யாரென்று தெரியும். உங்களுக்கு முதலில் தெரியவேண்டியதும் அதுதான். படம் துடிக்கும் நேரத்தில் டிவி ரிமோட்டை எடுத்து செட்டிங்ஸ் மெனுவைத் திறங்கள். கேபிள் பாக்ஸின் மெனு வேண்டாம், டிவியின் சொந்த மெனு. பின்னால் படம் துடிக்க, மெனு மட்டும் அசையாமல் நின்றால் பெரும்பாலும் டிவி நிரபராதி. பாக்ஸ், எச்டிஎம்ஐ ஒயர், கேபிள் லைன் ஆகியவற்றை விசாரியுங்கள். ஒயரை வேறு போர்ட்டில் செருகுங்கள், பிறகு ஒயரையே மாற்றிப் பாருங்கள். பாதி வழக்கு இங்கேயே தள்ளுபடி ஆகிவிடும்.

மெனுவும் சேர்ந்து துடித்தால் கோளாறு டிவிக்குள் அல்லது அதற்கு வரும் கரன்ட்டில். அப்போதும் உடனே பேனலைக் குற்றம் சொல்ல முடியாது. வெளிச்சம் கூடிக் குறைந்தால் முதலில் மின்சேமிப்பு வசதியை அணையுங்கள். அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையை மங்கவைக்கும் சென்சார், யாராவது விளக்குக்கு முன்னால் நடந்தாலே கண்ணடிக்கும். சத்தம் வருகிறது, படம் இல்லையா? அறையை இருட்டாக்கி, திரை மேல் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் நகர்வது தெரிந்தால் பேனல் உயிரோடுதான் இருக்கிறது, பின்னாலிருக்கும் எல்இடி பட்டைகளோ அவற்றுக்குக் கரன்ட் தரும் பகுதியோதான் போயிருக்கிறது. அந்தப் பட்டையில் பல்புகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒன்று அறுந்தாலே வரிசை முழுவதும் இருண்டுவிடும்.

பாதித் திரையில் மட்டும் படம், அல்லது நிறங்கள் தாறுமாறு என்றால் சந்தேகம் பேனலை இயக்கும் டி-கான் போர்டு மீதும், அதற்கு வரும் ரிப்பன் ஒயர் மீதும் விழவேண்டும். பல நேரம் ஒயரையோ போர்டையோ மாற்றினால் போதும். மேலிருந்து கீழே ஒரே இடத்தில் நிலையாக ஒரு கோடு நின்று, மெனுவுக்கு மேலேயும் அது தெரிந்தால்தான் ‘பேனல் போச்சு’ என்பதற்கு மரியாதை உண்டு. பின் மூடியைக் கழற்றாமலே தீர்ப்புச் சொன்னவரிடம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

அதற்காக மூடியை நீங்கள் கழற்றிவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டின் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

பக்கத்து ஊரிலேயே டிவி செய்கிறார்கள். பிறகு ஏன் பேனல் மாற்றப் புது டிவி விலை கேட்கிறார்கள்?

செய்கிறார்கள் என்பதைவிடப் பூட்டுகிறார்கள் என்பது சரி. டிவியின் அடக்க விலையில் பாதிக்கு மேல் போவது ‘ஓப்பன் செல்’ எனப்படும் கண்ணாடித் திரைக்கு. அது பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. இந்தத் திரையை வைத்து இந்த வட்டாரமே ஒரு பாடம் படித்தது. சாம்சங்கின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2007இல் தொடங்கியது. 2018இல் மத்திய அரசு ஓப்பன் செல்லுக்கு இறக்குமதி வரி போட்டதும், நிறுவனம் அங்கே டிவி தயாரிப்பதை நிறுத்திவிட்டு வியட்நாமிலிருந்து முழு டிவியாகவே கொண்டுவந்தது. தடையற்ற வணிக ஒப்பந்தம் இருந்ததால் முழு டிவிக்கு வரி இல்லை, அதன் உறுப்புக்கு மட்டும் வரி! 2019 செப்டம்பரில் அரசு அந்த வரியை நீக்கியது. 2024இல் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தபோது அதே ஆலையில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினோடு டிவியும் தயாராகிக்கொண்டிருந்தது.

தொழிற்சாலையே வெளியிலிருந்து வாங்கும் பொருளை மெக்கானிக் மலிவாகத் தரமுடியாது. பேனல்தான் போயிருக்கிறது என்று உறுதியானால், பழைய டிவிக்கு அந்தச் செலவு வீண்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை. பொறி பறக்கும்போதெல்லாம் லைட் மங்குகிறது, டிவியும் மினுக்குகிறது. பட்டறைக்காரரோ ‘உங்க டிவி டூப்ளிகேட்’ என்கிறார்.

இருவர் பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. வெல்டிங் செட் ஒவ்வொரு முறையும் கரன்ட்டை வெடுக்கென்று இழுக்கும்போது அந்த லைனில் வோல்டேஜ் இறங்கும். குண்டு பல்பு நொடிக்கு 8, 9 முறை இப்படி மங்கினால்தான் மனிதக் கண்ணுக்கு அதிகம் உறுத்தும் என்று அளந்து, அதை வைத்து உலகத் தர அளவுகோலே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இன்றைய டிவி அவ்வளவு தொட்டாற்சிணுங்கி இல்லை. அதன் முதுகில் ‘100–240 வோல்ட்’ என்று அச்சிட்டிருந்தால், இந்தச் சின்ன இறக்கத்தையெல்லாம் அதன் பவர் போர்டு தானே சமாளித்துக்கொள்ளும். அப்படியும் மினுக்கினால் பிளக் லூசா, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே குறையில்லை என்றால் பவர் போர்டே தளர்ந்திருக்கலாம்.

பட்டறையைவிடப் பயப்படவேண்டியது நியூட்ரல் ஒயரைப் பற்றி. தெருக் கம்பத்தில் அது அறுந்தாலோ லூசானாலோ, ஒரு வீட்டில் லைட் மங்கும்போது அடுத்த வீட்டில் பளீரென்று எரியும். பளீரென்று எரியும் வீட்டுக்கு வோல்டேஜ் 400 வரை ஏறலாம். டிவி, ஃபிரிட்ஜ், பல்பு எல்லாம் வரிசையாகப் புகையும். அந்த அறிகுறி தெரிந்த நிமிடமே மெயினை அணைத்துவிட்டு, மின்வாரியம் 2021 ஜூனில் தொடங்கிய ‘மின்னகம்’ எண்ணை அழையுங்கள்: 94987 94987. பட்டறைக்காரரோடு சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

மேகம் கறுத்தாலே படம் கட்டம் கட்டமாக உடைகிறது. மழைக்கும் டிவிக்கும் என்ன பகை?

கூரையில் டிஷ் இருந்தால் பகை உண்மைதான். டிடிஎச் வரும் கு-பேண்ட் அலைகளை அடர்ந்த மழை உறிஞ்சிவிடும். மழை விட்டதும் தானே சரியாகும், யாரையும் கூப்பிட வேண்டாம். கேபிள் வீட்டில் மழை நின்ற பிறகும் உடைந்தால், ஒயர் முனையில் திருகும் கனெக்டரில் தண்ணீர் இறங்கித் துரு ஏறியிருக்கும்.

மழையே இல்லாமல் மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் தினம் ஒரே நேரத்தில் சில நிமிடம் சேனல் தடுமாறினால் அதற்குச் சூரியன் காரணம். செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கும் நாட்கள் அவை. 2022 நவம்பரில் அரசு கேபிள் லட்சக்கணக்கான வீடுகளில் நின்றுபோனதற்கோ வானமும் காரணமில்லை, ஒயரும் காரணமில்லை. செட்டாப் பாக்ஸ் சாஃப்ட்வேர்! அன்று எத்தனை பேர் டிவியைத் தட்டினார்களோ.

டிவியைச் செல்போனில் வீடியோ எடுத்தால் பட்டை பட்டையாக ஓடுகிறது. பழுதா?

கண்ணுக்குத் தெரியாவிட்டால் பழுதில்லை. திரையின் பின்விளக்கு கண்ணுக்கு எட்டாத வேகத்தில் அணைந்து எரிகிறது, செல்போன் கேமரா அதைப் பிடித்துவிடுகிறது.

பேரன் கார்ட்டூன் பார்க்கும்போது திரை பளிச் பளிச்சென்று வெட்டுகிறது. கண்ணுக்கு ஆபத்தா?

வெட்டுவது டிவியா, கார்ட்டூனா என்று முதலில் பாருங்கள். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ‘போக்கிமான்’ தொடரில் சிவப்பும் நீலமும் நொடிக்குப் பன்னிரண்டு முறை மாறி மாறி வெட்டின. 600க்கும் மேற்பட்டவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், பெரும்பாலும் குழந்தைகள். வலிப்பு, வாந்தி, மயக்கம். தொடர் நான்கு மாதம் நின்றது. அத்தனை பேர் வீட்டு டிவியும் நன்றாகத்தான் இருந்தது. அறையில் விளக்கு எரியட்டும், பேரன் தள்ளி உட்காரட்டும். வலிப்பு வந்த பிள்ளை என்றால் மருத்துவரிடம் கேளுங்கள்.

2006இல் அரசு கொடுத்த கலர் டிவி இன்னும் ஓடுகிறது. ஆனால் லேசாகத் துடிக்கிறது. பழுது பார்க்கலாமா?

அந்த 14 இன்ச் டப்பா டிவி பிறவியிலேயே துடிப்பதுதான். நொடிக்கு 50 முறை வரிகளை வரைந்து காட்டுவதே அதன் வேலை. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய், இலவசம் சரியா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை ஏறி, 2013இல் தீர்ப்பும் வாங்கிய டிவி அது. ஓடும்வரை ஓடட்டும். நின்றால் பழைய இரும்புக்காரரிடம் உடைக்கக் கொடுக்காதீர்கள், அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.

மெக்கானிக் வந்தால் டிவி நல்ல பிள்ளையாகிவிடுகிறது. அவர் போனதும் துடிக்கிறது. என்ன செய்ய?

துடிக்கும் நேரத்தை எழுதிவையுங்கள். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியின் அபெர்ஹோசன் கிராமத்தில் ஒன்றரை வருடமாகத் தினமும் காலை 7 மணிக்கு ஊர் முழுக்க இணையம் அறுந்தது. கேபிளை மாற்றியும் பலனில்லை. கடைசியில் 2020இல் பொறியாளர்கள் விடியற்காலையில் அலைகளை அளக்கும் கருவியோடு தெருத்தெருவாக நடந்தார்கள். சரியாக 7 மணிக்கு ஒரு வீட்டிலிருந்து மின் இரைச்சல் கிளம்பியது. அங்கே போட்டது ஒரு பழைய டிவி! நேரம் தெரிந்ததால்தான் ஆள் அகப்பட்டது.

உங்கள் டிவி துடிக்கும்போது அதன் மெனுவைத் திறந்துவைத்து, செல்போனில் வீடியோ எடுத்து, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வாரண்டி இருந்தும் கம்பெனிக்காரர் இழுத்தடித்தால், அதே வீடியோவும் பில்லும் கையில் இருக்க, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள்.