கழிமுகம் தேடு படலம்

1. பாயிரம்

ஆய்வுப் பொருள்: ஓடும் வீட்டில் சேர்ந்த மலத்தை ஒரு பள்ளத்தாக்கில் எங்கே இறக்குவது என்பது. ஆய்வுக் களம்: கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்கா. காலம்: டிசம்பர் கடைசி வாரத்தில் நான்கு நாள். கருவி: வாடகைக்கு எடுத்த 25 அடி ஆர்.வி. ஒன்று. ஆய்வுக் குழு: நான், மனைவி, பிள்ளைகள் இருவர், மாமியார், மாமனார். மாமனார் ஊரில் குடிநீர், வடிகால் வேலைகளில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆய்வு நெறியாளர் பதவியை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. வண்டியின் அடியில் குனிந்து பார்த்த மறுநிமிடம் அவரே எடுத்துக்கொண்டார்.

ஆர்.வி.யில் ஏறாதவர்களுக்கு ஒரு விளக்கம். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கட்டிய வண்டி அது. அதன் வயிற்றில் மூன்று தொட்டிகள். முதலாவது நன்னீர். இரண்டாவது பாத்திரம் கழுவி, குளித்துவிட்ட சாம்பல்நீர். மூன்றாவது கருநீர். கருநீர் என்றால் என்ன என்று உரையாசிரியர்கள் விரித்துரைக்கவில்லை; யாமும் விரியாது விடுகிறோம்.

2. சொல்லாராய்ச்சி

கருநீரை இறக்கும் இடத்துக்கு அமெரிக்காவில் டம்ப் ஸ்டேஷன் என்று பெயர். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று வண்டிக்குள் ஒரு கருத்தரங்கு நடந்தது. ‘கழிவு கொட்டும் நிலையம்’ என்றாள் மனைவி. கொட்டுவது குப்பையை, இது குழாய் வழியாகப் போவது என்று மாமா தள்ளுபடி செய்தார். ‘விடுவிப்பகம்’ என்று நான் முன்மொழிந்ததை யாரும் வழிமொழியவில்லை.

முடிவில் கிடைத்த சொல் கழிமுகம். ஆறு தன்னிடம் இருப்பதையெல்லாம் கடலில் விடும் இடம். காவிரிக்குப் பூம்புகாரில் ஒன்று உண்டு. கழிமுகத்தின் கழி வேறு, கழிப்பறையின் கழி வேறு என்று புலவர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும். தொட்டி நிரம்பிய வண்டியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அவர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டெத் வேலியில் ஓடும் அமர்கோசா ஆற்றுக்குக் கழிமுகமே கிடையாது. நெவாடாவில் பிறந்து, வழியின் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே நடந்து, சுமார் 300 கிலோமீட்டர் வந்து பேட்வாட்டர் என்னும் உப்புத் தரையில் உட்கார்ந்துவிடுகிறது. கடலைப் பார்ப்பதில்லை. ஆற்றுக்கு இல்லாத கழிமுகத்தை அந்த இடத்திலேயே ஆர்.வி. தேடுகிறது. இதுவே இந்த ஆய்வின் சிக்கல்.

3. வரலாறு

பள்ளத்தாக்கும் கழிவுநீரும் என்றால் சிந்துவெளியில் தொடங்குவதுதான் முறை. மொகஞ்சதாரோவில் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பே வீட்டுக் குளியலறைத் தண்ணீர் தெருச் சாக்கடைக்குப் போனது; அதன்மேல் செங்கல் மூடி. அங்கே வீடு நின்றது, சாக்கடை வீட்டைத் தேடி வந்தது. ஆர்.வி. யுகத்தில் சாக்கடை நிற்கிறது, வீடு அதைத் தேடிப் போகிறது. இடைப்பட்ட வளர்ச்சியை நாகரிகம் என்கிறோம்.

டெத் வேலி என்ற பெயர், 1849 இறுதியில் தங்கம் தேடிக் கலிஃபோர்னியாவுக்குப் புறப்பட்டுக் குறுக்குவழியில் மாட்டிக்கொண்டவர்களால் வந்தது. குறுக்குவழி சொன்னவரை நம்பி வண்டியைத் திருப்பும் வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

அடுத்து 1883 முதல் 1889 வரை. இங்கே வெட்டிய போராக்ஸை 265 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மொஹாவி ரயில் நிலையத்துக்கு இழுத்துப் போனது ‘இருபது கோவேறு கழுதை’ வண்டி. பெயர்தான் அப்படி, பெரும்பாலும் பதினெட்டு கோவேறு கழுதையும் இரண்டு குதிரையும். இரண்டு பெரிய வண்டிகளுக்குப் பின்னால் சுமார் 4,500 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்றும் சேர்ந்து உருளும். தொட்டியைக் கட்டிக்கொண்டு இந்தப் பள்ளத்தாக்கில் ஊர்ந்ததால் ஆர்.வி.யின் பாட்டன் என்று இதையே சொல்லலாம். ஒரே வேறுபாடு, அதில் இருந்தது நன்னீர்த் தொட்டி மட்டும். மற்றதற்குக் கழுதைகள் எந்த நிலையத்தையும் தேடவில்லை.

1910இல் நியூயார்க்கில் காட்சிக்கு வந்த பியர்ஸ்-ஆரோ உல்லாச வண்டியில் பின்னிருக்கை படுக்கையாகும். கழிகலம் ஒன்றும் உண்டு. வீடும் கக்கூஸும் சக்கரம் கட்டிக்கொண்ட காலம் அதுதான்.

கழிமுகம் தேடாதவர்களின் கதியும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 2004 ஆகஸ்ட் 8 அன்று சிகாகோவில் ஓர் இசைக்குழுவின் பேருந்து, பாலத்தைக் கடக்கும்போது தன் கருநீரைத் திறந்துவிட்டது. பாலத்தின் தரை இரும்பு வலை. அடியில் ஆற்றில், நகரத்துக் கட்டடங்களின் அழகை அண்ணாந்து பார்க்கும் சுற்றுலாப் படகு. அண்ணாந்து பார்த்தார்கள் என்பதோடு வரலாற்றை நிறுத்திக்கொள்வோம்.

4. நிரம்புதல் இயல்

எங்கள் கருநீர்த் தொட்டியின் கொள்ளளவு 30 கேலன், சுமார் 115 லிட்டர். நிலைமையைக் காட்டச் சுவரில் நான்கு விளக்குகள்: காலி, மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு, முழுமை. இவை பொய் சொல்லும் விளக்குகள். தொட்டிச் சுவரில் பதித்த உணர்முனையில் ஒரு காகிதத் துண்டு ஒட்டிக்கொண்டால் போதும், காலியான தொட்டியையும் நிறைந்தது என்று சாதிக்கும்.

மாமா முதல் நாளே விளக்கைக் கைவிட்டார். “மீட்டரை நம்பினவன் கெட்டான், மாப்ள. கணக்குதான் பேசும்” என்று ஒரு நோட்டை எடுத்தார். காலால் ஒரு மிதி மிதித்தால் இரண்டு லிட்டர் தண்ணீர். மற்ற சமாச்சாரத்துக்கும் இடம் விட்டு, மொத்தம் ஐம்பது மிதி. ஆறு பேர். ஆளுக்கு எட்டு; மீதி இரண்டு அவசரக் கையிருப்பு. கக்கூஸ் கதவின் பின்னால் நூல் கட்டிய பேனாவோடு வருகைப் பதிவேடு தொங்கியது.

பதிவேட்டு முறைக்கு முதல் எதிர்ப்பு மாமியாரிடமிருந்து வந்தது. “எட்டு கோடுதான் போடணுமா? இந்த வயசுல இதுக்குக் கையெழுத்து வேற போடணுமா? நான் போட மாட்டேன்.” சின்னவன் பாட்டியின் கணக்கையும் தன் பெயரில் எழுதி வைத்தான். இரண்டாம் நாள் காலை நாற்பத்தேழு கோடுகள் இருந்தன. அதில் இருபத்தொன்று அவனுடையவை. தரவில் பிழை இருக்கலாம். போக்கு தெளிவாக இருந்தது.

5. தேடுதல் இயல்

மேற்கிலிருந்து டெத் வேலிக்குள் இறங்கும் சாலை டவுன் கணவாயைத் தாண்டுகிறது. உயரம் 1,511 மீட்டர். அங்கிருந்து ஸ்டவ்பைப் வெல்ஸ் வரை இறக்கம்தான். சுமார் 27 கிலோமீட்டரில் கடல் மட்டத்துக்கு வந்துவிடலாம். காலி வண்டிக்கு அது அழகான சாலை. எங்கள் வண்டியில் ஓர் ஆள் எடைக்கு மேல் கருநீர், ஒவ்வொரு வளைவிலும் ஒரு கணம் தாமதமாகத் திரும்பியது. முதலில் நாங்கள் வளைவோம், பிறகு அது வளையும். பின்னிருக்கையில் பேச்சு நின்றுவிட்டது. மாமியார் மட்டும் ஏதோ சுலோகம் முணுமுணுத்தார்.

போனில் சிக்னல் இல்லை. இந்தப் பூங்காவில் ஜி.பி.எஸ். பேச்சை மட்டும் நம்பி வண்டியைத் திருப்பாதீர்கள் என்று நிர்வாகமே எச்சரிக்கிறது. அதனால் ஆய்வு மடித்த வரைபடத்துக்குத் திரும்பியது. முகாம்கள் பல. எல்லாவற்றிலும் கழிமுகம் இல்லை. வடக்கே மெஸ்கீட் ஸ்பிரிங், நடுவே ஸ்டவ்பைப் வெல்ஸ், தெற்கே ஃபர்னஸ் கிரீக், அதை அடுத்த சன்செட் ஆகியவற்றில் உண்டு. பூங்காவின் பரப்போ சுமார் 13,800 சதுர கிலோமீட்டர். திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை மூன்றையும் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். அத்தனை பெரிய நிலத்தில் எங்களுக்கு வேண்டியது ஒரு சாண் அகலமில்லாத ஓட்டை.

முதலில் போன இடத்தின் பெயர் வேண்டாம். அங்கே ஓட்டையின் மேல் ஒரு கூம்பு கவிழ்த்து, சாக்குத் துணியால் மூடியிருந்தார்கள். மாமா இறங்கிப்போய்ச் சாக்கைத் தூக்கிப் பார்த்து, நோயாளியின் நாடி பிடித்தவர் போலத் தலையாட்டித் திரும்பி வந்தார். “அடைப்பு. நேத்து இல்ல, மூணு நாளாச்சு.”

இரண்டாவது இடத்தில் வரிசை. காலையில் முகாமைக் காலி செய்வோர் அனைவரும் அங்கேதான் நிற்பார்கள். எங்களுக்கு முன் ஆறு வண்டி. இந்த வரிசைக்குத் தனி நாகரிகம் உண்டு. யாரும் யார் முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை. ஆனால் எல்லோரும் எல்லோருக்கும் யோசனை சொல்வார்கள். பெட்ரோல் பங்கில் முன்னால் நிற்பவன் தாமதித்தால் ஹாரன் அடிக்கும் மனிதன், இங்கே கைகட்டிக் காத்திருக்கிறான். அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும்.

6. இறக்குதல் இயல்

இங்கே ஒரு நூற்பா:

கருநீர் முன்னும் சாம்பல்நீர் பின்னும்
வருமுறை பிறழின் வருந்துவர் பெரிதே.

என் நுதலிற்றோ எனின், எந்தத் தொட்டியை முதலில் திறப்பது என்பதை உணர்த்துதல் நுதலிற்று. கருநீரை முதலில் விட்டு, சாம்பல்நீரை அடுத்து விட்டால், சோப்புத் தண்ணீர் குழாயைத் தானே கழுவிவிடும். மாற்றிச் செய்தவன் அந்தக் குழாயைக் கழுவுவான், கையால். நூற்பாவை இயற்றியவனும் உரையெழுதியவனும் யானே. முதல் முறை மாற்றிச் செய்தவனும் யானே.

இன்னொரு விதி, தொட்டி நிறைய வேண்டும். கருநீர் வால்வை எப்போதும் திறந்தே வைத்தால் வேலை மிச்சம் என்று நினைப்பவர் உண்டு. நீர் ஓடிவிடும். மற்றது ஓடாது, குழியின் நேர் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பிக் காய்ந்து நிற்கும். ஆர்.வி. உலகம் அதற்குப் பிரமிட் என்று பெயர் வைத்திருக்கிறது. எகிப்தியர் மன்னிப்பார்களாக.

மருந்து பற்றி ஒரு குறிப்பு. நாற்றத்துக்காக ஊற்றும் நீல மருந்துகளில் ஒரு காலத்தில் ஃபார்மால்டிஹைடு இருந்தது. கலிஃபோர்னியா அதைத் தடைசெய்துவிட்டது. கழிவைத் தின்று செரிக்க வேண்டிய பாக்டீரியாக்களை அது கொன்றுவிடும் என்பது காரணம். இதை நான் படித்துச் சொன்னபோது மாமாவின் முகம் மலர்ந்தது. தன் துறைக்கு ஓர் அரசாங்கம் மரியாதை கொடுத்த மகிழ்ச்சி.

எங்கள் முறை வந்தது. விடியற்காலைக் குளிர் இன்னும் போகவில்லை. மாமா மங்கி குல்லாவோடு, கைலியை மடித்துக் கட்டி, ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு நின்றார். சிமெண்டுத் தரை நான்கு பக்கத்திலிருந்தும் நடுவிலிருந்த ஓட்டையை நோக்கிச் சரிந்திருந்தது. அவர் அதைப் பார்த்த பார்வையில் இருந்தது பாராட்டு. “வாட்டம் நல்லா குடுத்திருக்கான்.” முன்னால் நின்ற வெள்ளைக்காரப் பெரியவர் போகும்போது, உள்ளே ஓடுவது தெரியும் கண்ணாடி போன்ற முழங்கைக் குழாய் ஒன்றைக் கொடுத்து, இது இல்லாமல் எப்போது முடிந்தது என்று தெரியாது என்றார். தெரிய வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. மாமா வாங்கி மாட்டினார்.

கைப்பிடியை இழுத்தேன். மூன்று அங்குல மடிப்புக் குழாய் ஒருமுறை சிலிர்த்துப் பாம்பு போல நெளிந்தது. பிறகு வண்டி முழுவதும் ஒரு பெருமூச்சு விட்ட சத்தம். ஒன்றரை நிமிடம். கண்ணாடி முழங்கையில் நிறம் தெளியும்வரை மாமா கண்ணெடுக்கவில்லை. பிறகு குழாயை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தூக்கித் தூக்கி மடிப்பில் நின்றதையும் இறக்கினார். பக்கத்தில் இரண்டு தண்ணீர்க் குழாய்கள். ஒன்று குடிக்க, ஒன்று கழுவ மட்டும். மாமியார் சொம்போடு இரண்டாவதை நோக்கி நடந்ததுதான் இந்த ஆய்வின் ஒரே ஆபத்தான கட்டம்.

7. தடையும் விடையும்

தடை: ஹோட்டலில் தங்கினால் இந்த ஆய்வே தேவையில்லையே? (எழுப்பியவர் மனைவி.)

விடை: தேவையில்லைதான். ஆனால் ஹோட்டலில் மிதித்ததும் போய்விடுகிறது. எங்கே என்று யாரும் கேட்பதில்லை. நாற்பது ஆண்டு வாழ்வில் என் பங்கு எவ்வளவு என்று லிட்டர் கணக்கில் நான் அறிந்தது இந்த நான்கு நாளில்தான்.

தடை: அறிந்து என்ன பயன்?

விடை: இந்தத் தடை ஏற்கப்படுகிறது.

8. முடிவுரை

அன்று மாலை பேட்வாட்டர் போனோம். கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே; வட அமெரிக்காவிலேயே தாழ்ந்த இடம். கண்ணுக்கு எட்டியவரை வெள்ளை உப்பு. ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் மழை பெய்தால் அதிகம். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயல் வந்தபோது இங்கே ஒரு ஏரியே தேங்கி, சில மாதம் நின்று, வற்றிப்போனது. சுற்றியுள்ள மலையெல்லாம் கரைத்து அனுப்புவது இந்தக் குழிக்குள் வருகிறது. வெளியே போக வழியில்லை.

மாமா குனிந்து உப்பை விரலால் சுரண்டினார். உப்பு மேடுமேடாக, அறுகோணம் அறுகோணமாக எழும்பி நின்றது.

“மாப்ள, இதுக்கு வாட்டமே இல்ல. பள்ளத்துக்குக் கீழ பள்ளம் ஏது? தண்ணி மேல ஆவியாப் போகும். மிச்சம் இங்கயேதான் கிடக்கும்.”

“அப்போ இதுவும் ஒரு தொட்டிதான் மாமா.”

“வால்வு வைக்க மறந்த தொட்டி” என்றார். பிறகு காலையில் நாங்கள் வந்த திசையைப் பார்த்தார். நாங்கள் இறக்கியதும் இதே குழிக்குள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கழிமுகம் கண்டுவிட்டோம் என்று காலையில் கைதட்டியவர்கள் நாங்கள். ஒரு சின்னத் தொட்டியிலிருந்து பெரிய தொட்டிக்கு மாற்றியிருந்தோம், அவ்வளவுதான்.

வண்டிக்குத் திரும்பியதும் மாமா பதிவேட்டில் புதுப் பக்கம் திருப்பி, தேதி போட்டார். ஆளுக்கு எட்டை ஆறாகக் குறைத்தார். மாமியார் ஒன்றும் சொல்லாமல் பேனாவை வாங்கி, தன் பெயருக்கு எதிரே முதல் கோட்டைப் போட்டுவிட்டு உள்ளே போனார்.