மூன்று கொட்டேசன் செயலாளர்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைப் பக்கம், மாடியில் ஒரு மண்டபமும் அதற்கொரு சங்கமும் இருந்தால், அந்தச் சங்கத்துக்கு இவரைப் போல ஒரு செயலாளர் கட்டாயம் இருப்பார். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் மண்டபத்துக் கார்பெட் இவர் கண்ணில் படும். அதுவரைக்கும் அது வெறும் தரை. இப்போது பார்த்தால் அஞ்சு வருஷத்துக் கல்யாணச் சாம்பாரும் நிச்சயதார்த்தக் காப்பியும் அதில் படிந்திருக்கும்.

"மூணு கொட்டேசன் எடுத்துடுவோம்" என்பார். அதற்கு மேல் செயற்குழுவில் யாரும் வாய் திறக்க முடியாது. ஆனால் முதல் கொட்டேசன் வருவதற்கு முன்பே மூன்றாவது யாருக்கு என்பது அவர் மனசுக்குள் முடிவாகியிருக்கும். கிள்ளானில் மச்சானுக்குத் தெரிந்த ஒரு தம்பி, கார் கழுவும் கடை வைத்திருக்கிறான். தண்ணீரைப் பீய்ச்சியடிக்கிற மிஷின் சொந்தமாகவே வைத்திருக்கிறான். வேறென்ன தகுதி வேண்டும்?

முதல் கொட்டேசன் பெரிய கம்பெனியிலிருந்து நாலு பக்கத்துக்கு வரும். கம்பெனிப் பதிவு எண், விபத்துக் காப்புறுதி, எந்த மிஷின், எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் என்று எல்லாம் இருக்கும். செயலாளர் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியை மட்டும் படிப்பார். "ஐயோ, கார்பெட்டே புதுசா வாங்கிடலாம் போல" என்று ஓரமாக வைத்துவிடுவார். புதுக் கார்பெட் என்ன விலை என்று அவருக்குத் தெரியாது.

இரண்டாவது கொட்டேசனுக்குப் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஒரு பெண் நேரிலேயே வருவார். செயலாளருக்குச் சோதனை ஆரம்பிப்பது இங்கேதான். அந்தப் பெண் விலை சொல்லமாட்டார், மண்டிபோட்டு உட்கார்ந்துவிடுவார். மூலையில் ஒரு நூலைப் பிய்த்து, வெளியே கொண்டுபோய் லைட்டரில் காட்டுவார். "உருகுது சார், நைலான். கம்பளின்னா முடி கருகுற வாடை வரும்." சங்கத்துச் சொத்தைக் கொளுத்துகிறார்களே என்று செயலாளர் பதறுவார். அதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்.

"இந்தக் கறை சாம்பாரா, காப்பியா? அடியில பசை போட்டு ஒட்டியிருக்கா? முன்னாடி யாராவது ஷாம்பு போட்டாங்களா? ராத்திரி ஏர்கோன் ஓடுமா சார்?"

"ராத்திரி ஆளில்லாத மண்டபத்துக்கு எதுக்கும்மா ஏர்கோன்?"

"காய வேணாமா சார்? இது மழைக்காலம், சாயங்காலமானா கொட்டுது. சன்னலைச் சாத்தி வெச்சா நாலு நாளானாலும் ஈரம் போகாது, நாத்தம் எடுத்துடும். வெந்நீரை அடிச்சு, அடிச்ச தண்ணியை அப்படியே திரும்ப உறிஞ்சி எடுக்கணும். அப்புறமும் காத்தாடி வைக்கணும். அதுக்கு முந்தி காய்ஞ்ச மண்ணையெல்லாம் வேக்குவம் பண்ணணும். அது மேலயே தண்ணி ஊத்தினா சேறுதான்."

அவர் போனதும் செயலாளர் பொருளாளரிடம் குரலைத் தாழ்த்துவார். "பாவம், ஒண்ணும் தெரியாத பொண்ணு. எல்லாத்தையும் நம்மகிட்டயே கேக்குது."

கிள்ளான் தம்பி எதுவும் கேட்கமாட்டான். செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றபடி ஒரு பார்வை பார்ப்பான். "ஒரே நாள்ல முடிச்சிடலாண்ணே." எவ்வளவு என்று கேட்டால், "நீங்க பார்த்துக் குடுங்கண்ணே" என்பான். தமிழில் இதைவிட விலையுயர்ந்த வாக்கியம் இல்லை என்பது என் கருத்து. செயலாளருக்கோ உள்ளம் குளிர்ந்துவிடும். அளவெடுக்காமல், நூல் பிய்க்காமல், பார்த்த மாத்திரத்தில் தொழிலைப் புரிந்துகொண்டவன் அல்லவா!

தம்பி சொன்ன சொல் தவறாதவன். ஒரே நாளில் முடித்துவிடுவான். பீய்ச்சியடித்த தண்ணீர் படிக்கட்டு வழியாக இறங்கி, கீழே பூக்கடைக்காரர் வந்து சத்தம் போடும் வரைக்கும் முடிப்பான். இரண்டாம் நாள் மண்டபத்தைத் திறந்தால் மழையில் நனைந்த ஆட்டுக்கொட்டகை வாடை. அதையாவது சாம்பிராணி போட்டுச் சமாளித்துவிடலாம். நிறத்தை என்ன செய்வது? சாம்பார் கொட்டியிருந்த இடமெல்லாம் செக்கச்செவேல் என்று சிவந்து கிடக்கும். மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து நாம் ஆரத்தி கரைக்கிறோமே, சலவைத்தூள் தண்ணீரும் மஞ்சளிடம் அதே வேலையைத்தான் காட்டும். மண்டபம் முழுக்க ஆரத்தி கொட்டியது மாதிரி இருக்க, தலைவர் வந்து பார்த்து, "யாருக்குக் கல்யாணம்?" என்பார்.

கிள்ளானுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். மச்சான் ஊரில் இல்லை. வேறு வழியில்லாமல், பொருளாளர் பார்க்காத நேரமாகப் பார்த்துப் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போடுவார்.

அந்தப் பெண் பதறமாட்டார். "புளிப்புச் சேர்ந்த மருந்து போட்டு அலசினா சிவப்பு மஞ்சளாத் திரும்பிடும் சார். மிச்ச மஞ்சளை அப்புறம் பார்க்கலாம். அவங்க என்ன தூள் போட்டாங்க, எவ்வளவு போட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்க."

செயலாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

"அதையெல்லாம் நான் எப்படிம்மா கேக்கிறது? தொழில் தெரிஞ்ச பையன், தப்பா நெனச்சுக்க மாட்டான்?"