நம்பர் பிளேட் பண்டிதர்

அமெரிக்காவில் 50 மாநிலங்கள். ஐம்பதுக்கும் தனித்தனி நம்பர் பிளேட். ஒவ்வொரு பிளேட்டுக்கும் குறை சொல்ல ஒரு பண்டிதர் கூட்டம். இந்தப் பண்டிதரை அடையாளம் காண்பது சுலபம். நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் போகும்போது முன்னால் போவது டொயோட்டாவா ஃபோர்டா என்று அவர் பார்க்க மாட்டார். அதன் முதுகில் இருக்கும் 12 அங்குல நீளம், 6 அங்குல உயரத் தகட்டைத்தான் பார்ப்பார். பார்த்ததும் உச்சுக் கொட்டுவார். மலைக்கு அடித்த பச்சை சரியில்லை. எண்கள் புடைத்து நிற்காமல் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் தட்டையாகக் கிடக்கின்றன. கார் விற்ற டீலர் தன் கடைப்பெயர் போட்ட சட்டத்தை மாட்டி மாநிலத்தின் பெயரையே பாதி மறைத்துவிட்டார். பக்கத்து இருக்கையில் மனைவி தூங்குவதுபோல் பாவனை செய்துகொண்டிருப்பார். தன் வீட்டு வரவேற்பறைச் சுவர் என்ன நிறம் என்று கேட்டால் பண்டிதர் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். 1960இல் கொலராடோ பிளேட் என்ன நிறம் என்று கேளுங்கள், பச்சையும் வெள்ளையும் என்று பட்டென்று சொல்வார்.

அவருடைய அழகியல் கொள்கை மிகவும் தெளிவானது. பிளேட் எளிமையாக இருக்க வேண்டும். அதில் மலையும் ஏரியும் கோதுமைக் கதிரும் மாநிலப் பறவையும் இடம்பெற வேண்டும். எதுவும் எண்ணை மறைக்கக் கூடாது. பக்கத்து மாநிலத்தின் சாயல் துளியும் இருக்கக் கூடாது. முக்கியமாக, தான் லைசென்ஸ் வாங்கிய வருஷம் என்ன பிளேட் இருந்ததோ அதைப் போலவே இருக்க வேண்டும். இந்த ஐந்தையும் சேர்த்து நிறைவேற்றிய மாநிலம் இதுவரை பிறக்கவில்லை. அதனால் அவருக்கு ஓய்வும் இல்லை. இவரைப் பார்த்துச் சிரிப்பது எளிது, நானும் சிரிக்கத்தான் போகிறேன். ஆனால் இவர் தொடுக்கும் வழக்கில் நியாயம் இவர் பக்கம்தான் இருக்கிறது என்பது என் கட்சி. நியாயத்துக்கு அவர் சொல்லும் காரணங்கள்தாம் தப்பு.

அவர் பேசுவது வடிவமைப்பைப் பற்றி என்று அவரே நம்புகிறார். கேன்சஸ் மாநிலத்தில் நடந்ததைப் பார்த்தால் அது எவ்வளவு தூரம் உண்மை என்று தெரியும். 2023 நவம்பரில் ஆளுநர் லாரா கெல்லி புதிய பிளேட் ஒன்றை வெளியிட்டார். கோதுமை மஞ்சள், கருநீலம், நட்சத்திரங்களை நோக்கி என்று ஒரு வாசகம். பழைய பிளேட்டுகள் உரிந்துபோய்ப் படிக்க முடியாமல் ஆகிவிட்டன, அதனால் மாற்றுகிறோம் என்பது அரசுத் தரப்பு. படிக்க முடிகிறதா என்று ஒருவராவது பார்த்திருப்பாரா? எழுந்த கூச்சல் வேறு. இது நியூயார்க் பிளேட் மாதிரி இருக்கிறது என்றார்கள். அதைவிடப் பெரிய பாவம், கறுப்பும் பொன்னிறமுமான மிசௌரி பல்கலைக்கழக அணியின் சாயல் அடிக்கிறது என்றார்கள். கேன்சஸுக்கும் மிசௌரிக்கும் உள்ள பகை உள்நாட்டுப் போருக்கும் முந்தையது. இப்போது கூடைப்பந்து மைதானத்தில் உயிரோடு இருக்கிறது. எதிரி ஜெர்சியைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு ஊருக்குள் போவதா? சில நாட்களிலேயே அரசு பின்வாங்கியது. மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று டிசம்பரில் வாக்கெடுப்பு வைத்தது. 30 லட்சம் பேர்கூட இல்லாத மாநிலத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேல் வாக்குகள் விழுந்தன. மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் கோபுரம் போட்ட பிளேட் ஜெயித்தது. வேட்பாளர் காசு கொடுக்கவில்லை, கட்சி வண்டி அனுப்பவில்லை, ஆனாலும் இத்தனை வாக்கு.

பண்டிதருடைய ரசனையில் பாதி பழைய ஞாபகம்தான் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. கலிபோர்னியா தன் பழைய பிளேட்டுகளை மறுபடியும் விற்கலாம் என்று தீர்மானித்து மூன்று நிறங்களை முன்வைத்தது: ஐம்பதுகளின் மஞ்சள், அறுபதுகளின் கறுப்பு, எழுபதுகளின் நீலம். ஒவ்வொன்றுக்கும் 7,500 பேர் முன்பணம் கட்டினால்தான் அச்சு. கறுப்பு மட்டும் கரையேறியது. இதைவிட வேடிக்கை அயோவாவில். அங்கே டோர்ட் என்ற சிறிய கிறிஸ்தவக் கல்லூரிக்கு ஒரு சிறப்புப் பிளேட் இருந்தது, கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து. அந்தக் கல்லூரி வாசலை மிதிக்காதவர்களெல்லாம் காருக்கு எடுப்பாக இருக்கிறது என்று அதை வாங்கி மாட்டினார்கள். கூட்டம் எதற்காக வருகிறது என்று புரிந்துகொண்ட அரசு, கல்லூரியை விட்டுவிட்டுக் கறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டது. 2019இல் படம் எதுவும் இல்லாத கறுப்புப் பிளேட் வந்தது, தனிக் கட்டணத்தோடு. வரிசையில் நின்று வாங்கினார்கள். வெறுமைக்குக் கூடுதல் பணம் வாங்க முடியும் என்று அரசாங்கங்கள் கற்றுக்கொண்டது இப்படித்தான். அயோவாவைப் பார்த்து வேறு மாநிலங்களும் கறுப்பு அடிக்க ஆரம்பித்துவிட்டன.

பண்டிதரின் புலம்பலுக்கு வழக்கமாக வரும் ஆட்சேபம் ஒன்று உண்டு. அட, அது ஒரு தகரம். போலீஸ்காரர் எண்ணைப் படித்தால் போதும், சுங்கச்சாவடி கேமராவுக்கு எண் தெரிந்தால் போதும், மீதியெல்லாம் எதற்கு? நல்ல கேள்விதான். ஆனால் அதைக் கேட்க வேண்டியது பண்டிதரிடம் இல்லை, அரசாங்கத்திடம். நம்மூரில் சொந்தக் காருக்குப் பொதுவாக வெள்ளைத் தகட்டில் கறுப்பு எழுத்து, நாடு முழுக்க அதே கதை. கருத்துச் சொல்ல அதில் இடமே இல்லாததால் நம்மவர்கள் ஃபேன்சி நம்பருக்கு லட்சங்களைக் கொட்டி ஆசையைத் தீர்த்துக்கொள்கிறார்கள். அமெரிக்க மாநிலங்கள் அப்படி வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. 1928இலேயே ஐடஹோ தன் பிளேட்டில் உருளைக்கிழங்கை விளம்பரம் செய்தது. அதே ஆண்டு மாசசூசெட்ஸ் ஒரு மீனை வரைந்தது. அந்த மீன் மாநிலத்தின் பெயரைவிட்டு விலகி நீந்துவதுபோல் இருந்ததால்தான் அந்த வருஷம் வலையில் மீனே விழவில்லை என்று மீனவர்கள் குறைப்பட்டதாக ஒரு கதை இன்றும் உலவுகிறது. 1987இல் மெய்ன் மாநிலம் சிங்கி இறாலைப் போட்டது, பளிச்சென்ற சிவப்பில். கடலில் உயிரோடு இருக்கும் சிங்கி இறால் பொதுவாகக் கரும்பச்சையும் பழுப்புமாக இருக்கும், வேகவைத்தால்தான் சிவக்கும். ஆக, ஒரு மாநிலமே தன் பெருமையைச் சமைத்துக் காரில் மாட்டி அனுப்பியது. எண் மட்டும் போதும் என்று இருந்திருந்தால் இவை எவையும் நடந்திருக்காது. விளம்பரப் பலகையாக்கியது அரசு, அதைக் கட்டாயம் சுமப்பவர் பண்டிதர், கட்டணம் கட்டுபவரும் அவரே. வாயையாவது அவருக்கு விட்டுவைக்க வேண்டாமா?

நீதிமன்றமும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தது. நியூ ஹாம்ப்ஷயர் 1971 முதல் சாதாரணக் கார்களின் பிளேட்டில், சுதந்திரமாக வாழ் இல்லையேல் செத்துமடி என்ற பொருளில் ஒரு முழக்கத்தைப் போட்டுவருகிறது. யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த ஜார்ஜ் மேனார்ட், இது என் மதநம்பிக்கைக்கு ஒவ்வாது என்று அந்த வரியை மறைத்தார். சுதந்திரத்தைப் போற்றும் வரியை மறைத்த குற்றத்துக்காக 15 நாள் சிறையில் கிடந்தார். அந்தப் பிளேட்டுகளைச் செய்வதே மாநிலச் சிறைக் கைதிகள்தான் என்பதைச் சேர்த்துப் படித்தால் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று குழப்பம் வரும். 1977இல் உச்ச நீதிமன்றம், அரசின் முழக்கத்தைச் சுமக்கும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. 2015இல் டெக்சஸ் வழக்கு ஒன்றில், உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலங்களின் கொடியைப் பிளேட்டில் போட மறுக்க அரசுக்கு உரிமை உண்டு, ஏனென்றால் பிளேட்டில் பேசுவது அரசு என்று 5-4 பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. பேசுவது அரசு என்று ஆனபின், அரசு உளறினால் சுட்டிக்காட்ட ஆள் வேண்டும். வேறு யாருக்கும் நேரமில்லை. பண்டிதருக்கு இருக்கிறது.

வடிவமைப்பை வல்லுநர்களிடம் விட்டுவிடலாமே என்று இன்னொரு தரப்பு கேட்கும். 2021 அக்டோபரில் ஒஹையோ அப்படித்தான் விட்டது. ரைட் சகோதரர்கள் வாழ்ந்த ஊர் டேட்டன் எங்களுடையது என்ற பெருமையில், அவர்களின் விமானம் வானில் ஒரு பதாகையை இழுத்துப் போவதாக வரைந்தார்கள். ஆளுநர் விழா வைத்துத் திரை விலக்கினார். பதாகை விமானத்தின் மூக்கில் கட்டப்பட்டிருந்தது. அந்த விமானத்தில் ஏற்றி இறக்கும் சிறுதகடுகள் முன்பக்கம் இருக்கும். பார்ப்பவருக்கு வால் போலத் தோன்றும். அச்சாகிவிட்ட 35,000 பிளேட்டுகளைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பதாகையைப் பின்னால் மாற்றிக் கட்டினார்கள். விமானம் முதலில் பறந்தது எங்கள் மண்ணில் என்று தன் பிளேட்டில் எழுதிவைத்திருக்கும் வட கரோலினாவுக்கு அன்று கிடைத்த சந்தோஷம் சாதாரணமானதல்ல. வல்லுநர்கள், அதிகாரிகள், ஆளுநர் என அத்தனை கண்களையும் தாண்டி வந்த பிழையைப் பிடித்தது பொதுமக்கள்தான், அதுவும் அன்றைக்கே. 2019இல் நியூயார்க் வாக்கெடுப்புக்கு வைத்த ஐந்து மாதிரிகளில் ஒன்றில் மரியோ குவோமோ பாலம் இருந்தது. அப்போதைய ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ, மரியோவின் மகன். இதைப் பார்த்துப் புருவம் உயர்த்துவதற்கு வடிவமைப்புப் பட்டம் வேண்டியதில்லை.

சரி, பண்டிதரைத் திருப்திப்படுத்தவே முடியாதா? டெலவேரைக் காட்டிப் பார்க்கலாம். மலை இல்லை, பறவை இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. நீலமும் பொன்னும், நடுவே எண். அங்கே எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு மதிப்பு. 1, 2, 3 மூன்றும் ஆளுநர் முதலான பதவிகளுக்குப் போய்விடும். 2008இல் 6 என்ற ஒற்றை எண் ஏலத்தில் 6,75,000 டாலருக்குப் போனது. இத்தனை சுத்தமான பிளேட்டில் என்ன குறை என்று கேட்டால் பண்டிதர் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார். இந்த நீலப் பிளேட் நேற்று வந்ததாம். அசல் டெலவேர்க்காரன் மாட்டுவது பழைய பீங்கான் பூச்சுக் கறுப்புத் தகடுதானாம். சிறிய எண் வைத்திருப்பவர்கள் அதைச் செய்து மாட்டிக்கொள்ள இன்றும் சட்டத்தில் இடமிருக்கிறது, ஆனால் இப்போது செய்கிற பீங்கானில் அந்தப் பழைய பளபளப்பு வருவதில்லையாம்.