பக் உங்களுடையது, பில் யாருடையது?

டெர்ம் இன்சூரன்ஸ் பற்றிப் போன இதழில் இரண்டு வரி எழுதினாலும் எழுதினார் பதிலாசிரியர், மாடி அறையில் உட்கார்ந்து வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் சாஃப்ட்வேர் எழுதித் தரும் தனிக்காட்டு ராஜாக்கள் அத்தனை பேரும் கிளம்பிவிட்டார்கள். எல்லாரும் கேட்பது ஒரே சங்கதி: புரொஃபஷனல் இண்டெம்னிட்டி, சுருக்கமாக பி.ஐ. பாலிசி. சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கே: லண்டன் கிளையன்ட் பி.ஐ. பாலிசி கேட்கிறார். அது எதற்குப் பணம் தரும்? (கோவை வாசகர்)

ப: நீங்கள் செய்த வேலையில் தவறு இருந்தது, அதனால் பண நஷ்டம் என்று கிளையன்ட் உங்கள் மேல் பாய்ந்தால், வக்கீல் செலவையும் நஷ்டஈட்டையும் தரும். லேப்டாப்பில் காபி கொட்டினால் தராது. கிளையன்ட் உங்கள் பில்லுக்குப் பணம் தராமல் இழுத்தடித்தாலும் தராது. கடைசியாகச் சொன்னதுதான் உங்களுக்கு அடிக்கடி நடக்கும் என்பது பதிலாசிரியருக்கும் தெரியும்.

கே: இருப்பதிலேயே மலிவான பாலிசி எது? (திருச்சி வாசகர்)

ப: எடுக்காத பாலிசி. வழக்கு வரும்வரை.

கே: ஏ.ஐ. எழுதிய கோடில் தவறு வந்தால் யார் பொறுப்பு? (பெங்களூர் வாசகர்)

ப: இன்வாய்ஸில் யார் பெயர் இருக்கிறதோ அவர்.

கே: 'என் பொறுப்பு இத்தனை பவுண்டுக்கு மேல் இல்லை' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போட்டுவிட்டால் போதாதா? பாலிசி வேறு எதற்கு? (மதுரை வாசகர்)

ப: வாருங்கள் மதுரைக்காரரே, உங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தார் பதிலாசிரியர். இங்கிலாந்தில் மார்கரெட் தாட்சர் தலைவரி கொண்டுவந்தபோது, செயின்ட் ஆல்பன்ஸ் நகராட்சி அதை வசூலிக்க ஐ.சி.எல். கம்பெனியிடம் சாஃப்ட்வேர் வாங்கியது. ஊரில் வரி கட்ட வேண்டியவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கும் இடத்தில் பிழை. பிறக்காத, குடிவராத, ஓட்டும் போடாத 2,966 பேர் கூடுதலாகப் பட்டியலில் ஏறிவிட்டார்கள். இத்தனை தலை இருக்கிறதே என்று நம்பி, 1990-91க்கான வரியை நகராட்சி குறைவாக நிர்ணயித்தது. இல்லாத தலைகள் எங்கே வரி கட்டும்? போதாக்குறைக்கு, மேலே இருந்த கவுண்டி கவுன்சிலுக்குத் தர வேண்டிய பங்கும் அதே கணக்கால் ஏறிவிட்டது. மொத்த நஷ்டம் சுமார் 13 லட்சம் பவுண்டு.

ஐ.சி.எல். அசரவில்லை. நீங்கள் சொன்ன அதே வரி அதன் ஒப்பந்தத்தில் இருந்தது: பொறுப்பு 1 லட்சம் பவுண்டுதான். வழக்கு நீதிமன்றம் போயிற்று. 1977ஆம் ஆண்டின் நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டப்படி அந்த வரி செல்லாது என்றார் நீதிபதி. அதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்றைக் கவனியுங்கள்: ஐ.சி.எல். 5 கோடி பவுண்டுக்கு இன்சூரன்ஸ் வைத்திருந்தது. அவ்வளவு பெரிய குடையை வைத்துக்கொண்டு நகராட்சியை நனையவிடுவது நியாயமா என்கிற மாதிரி. 1996இல் மேல்முறையீட்டில் நஷ்டஈட்டுத் தொகை குறைந்தது. உச்சவரம்பு மட்டும் உயிர்பெறவில்லை.

அதற்காக அந்த வரியை எடுத்துவிட வேண்டாம். உங்களைப் போன்ற ஒற்றை ஆளுக்கு எதிரே பெரிய கம்பெனி நின்றால் நீதிபதியின் தராசு வேறு பக்கம் சாயலாம். வரியும் இருக்கட்டும், பாலிசியும் இருக்கட்டும். வரியில் எழுதும் தொகை பாலிசித் தொகையைத் தாண்டாமல் இருக்கட்டும்.

கே: எத்தனை லட்சத்துக்கு எடுப்பது? இரண்டு வாரமாக யோசிக்கிறேன். (சென்னை வாசகர்)

ப: கிளையன்ட் ஒப்பந்தத்தில் கேட்டிருக்கும் தொகைக்கு. பிரிட்டிஷ் ஏஜென்சிகள் பெரும்பாலும் 10 லட்சம் பவுண்டு என்று எழுதுகின்றன. யோசிக்க வேண்டியது வேறு: அந்தத் தொகை ஒவ்வொரு க்ளைமுக்குமா, வருஷம் முழுவதற்கும் சேர்த்தா? வக்கீல் செலவு அதற்குள்ளேயா, வெளியிலா? உள்ளே என்றால் வக்கீல் சாப்பிட்டதுபோக மிச்சம்தான் கிளையன்டுக்கு. வக்கீல்களுக்கு நல்ல பசி.

கே: புராஜெக்ட் முடிந்தது, கிளையன்ட் கைகுலுக்கிவிட்டார். இப்போது மாதச் சம்பள வேலை கிடைத்துவிட்டது. இனியும் பிரீமியம் கட்டுவானேன்? (சேலம் வாசகர்)

ப: இந்தப் பகுதியில் வாராவாரம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கார் இன்சூரன்ஸில் விபத்து நடந்த நாள்தான் கணக்கு. பி.ஐ. பாலிசியில் க்ளைம் வந்து சேர்ந்த நாள் கணக்கு. வேலை செய்த வருஷத்தில் பாலிசி இருந்ததா என்று கேட்கமாட்டார்கள். இன்று இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

ஒருவர் 2021இல் லீட்ஸ் நகரத்து மரச்சாமான் கடை ஒன்றுக்கு பில் போடும் புரோகிராம் எழுதித் தந்தார் என்று வைத்துக்கொள்வோம். நாற்காலிக்கு 20 சதவீத வாட் வரி சரியாக விழுகிறது. கூடவே வரும் டெலிவரிக் கட்டணத்துக்கு வாட் சேர்க்க அவர் மறந்துவிட்டார். ஒரு பில்லுக்கு ஏழெட்டுப் பவுண்டு, யாரும் கவனிக்கவில்லை. 2023இல் அவர் வேலைக்குப் போய்விடுகிறார், பாலிசியையும் விட்டுவிடுகிறார். 2025இல் வரித்துறை கடைக்காரரைப் பிடிக்கிறது. கடைக்காரர் அபராதத்தோடும் வட்டியோடும் நம்மவரைப் பிடிக்கிறார். நம்மவர் 2021ஆம் வருஷப் பாலிசியைத் தூசி தட்டி எடுக்கிறார். அதை ஃபிரேம் போட்டு மாட்டலாம்.

இதற்காகத்தான் 'ரன்-ஆஃப்' என்று ஒன்று விற்கிறார்கள்: புதிய வேலைக்குக் கிடையாது, பழைய வேலைக்கு வரும் க்ளைமுக்கு மட்டும். எத்தனை வருஷம்? ஒப்பந்தத்தை மீறியதாக வழக்குப் போட இங்கிலாந்தில் 6 வருஷம் அவகாசம். ஒப்பந்தம் 'டீட்' வடிவில் இருந்தால் 12. இந்தியாவில் 1963ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டப்படி 3. எந்த நாட்டுச் சட்டம் என்பதை உங்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் ஒளித்துவைத்திருப்பார்கள்.

இன்னொன்று. பாலிசி அட்டவணையில் 'ரெட்ரோஆக்டிவ் டேட்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அந்தத் தேதிக்கு முன்னால் செய்த வேலைக்குப் பாலிசி வாய் திறக்காது. பிரீமியம் குறைகிறதே என்று கம்பெனி மாறும்போது அந்தக் கட்டத்தில் பழைய தேதியே வருகிறதா என்று பாருங்கள். மாறிய நாளின் தேதி அங்கே உட்கார்ந்திருந்தால் அதுவரை எழுதிய கோடெல்லாம் நடுத்தெருவில்.

கே: பாலிசியில் 'உலகம் முழுவதும்' என்று போட்டிருக்கிறது. அமெரிக்கக் கிளையன்டை எடுக்கலாம் அல்லவா? (கோவையிலிருந்து இன்னொருவர்)

ப: அடுத்த வரியையும் படியுங்கள்: 'அமெரிக்கா, கனடா நீங்கலாக.' இன்சூரன்ஸ் கம்பெனிகளின் வரைபடத்தில் மெக்ஸிகோவுக்கு வடக்கே கடல்தான். அமெரிக்கக் கோர்ட்டில் வக்கீல் செலவும் ஜூரி தரும் நஷ்டஈடும் அப்படி. கேட்டால் சேர்த்துத் தருவார்கள், பிரீமியம் ஏறும். வேலை எந்த நாட்டில் என்பது ஒரு நிபந்தனை, வழக்கு எந்த நாட்டுக் கோர்ட்டில் என்பது வேறு நிபந்தனை. இரண்டையும் பாருங்கள்.

கே: தாமதமானால் வாரத்துக்கு 500 டாலர் அபராதம் என்கிறது ஒப்பந்தம். பாலிசிதான் இருக்கிறதே, கையெழுத்துப் போட்டுவிடவா? (ஈரோடு வாசகர்)

ப: பேனாவை மூடுங்கள். கவனக்குறைவுக்காகச் சட்டம் உங்கள் தலையில் வைக்கும் பொறுப்புக்குத்தான் பாலிசி. நீங்களாக இழுத்துப் போட்டுக்கொண்ட அபராதத்தையும் உத்தரவாதத்தையும் பெரும்பாலான பாலிசிகள் வெளியே நிறுத்திவிடும். பிறவிப் பெருங்கடல் போல முற்றுப்புள்ளியே இல்லாமல் நீளும் ஒப்பந்த வாக்கியங்களில்தான் இவை ஒளிந்திருக்கும்.

கே: வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது வெர்ஷன் ஏற்றலாமா?

ப: கிரவுட்ஸ்டிரைக் கம்பெனியின் அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தது 2024 ஜூலை 19. காலண்டரில் கிழமையைப் பாருங்கள்.

கே: போன மாதம் கிளையன்ட் ஒரு மாதிரியாக மெயில் போட்டார். இனிமேல்தான் பாலிசி எடுக்கப்போகிறேன். விண்ணப்பத்தில் அதைச் சொல்லாமல் விட்டால் என்ன? (ஓசூர் வாசகர்)

ப: சுமத்ராவில் பெங்கூலன் என்ற ஊரில் ஆங்கிலேயரின் மார்ல்பரோ கோட்டை. அதன் கவர்னர் ஜார்ஜ் கார்ட்டர், அந்நியர் கோட்டையைப் பிடித்தால் பணம் வேண்டும் என்று லண்டனில் இன்சூரன்ஸ் எடுத்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தேவிட்டார்கள். கோட்டை பலவீனம் என்பதை மறைத்தாய் என்று மறுத்தார் இன்சூரன்ஸ்காரர் போம். 1766இல் தீர்ப்பு: இன்சூரன்ஸ் என்பது முழு நல்லெண்ணத்தின் பேரில் நடப்பது, தெரிந்ததை மறைக்கக் கூடாது என்றார் லார்ட் மான்ஸ்ஃபீல்டு. ஆனால் ஜெயித்தவர் கார்ட்டர். போமுக்கே தெரிந்திருக்க வேண்டிய சங்கதி அது என்று தீர்ப்பாயிற்று. அன்று பாலிசிதாரர் வென்ற வழக்கின் தத்துவத்தை இன்றுவரை பாலிசிதாரர் மேலேயே வீசுகிறார்கள்.

உங்கள் மெயில் கோட்டை அல்ல. இன்சூரன்ஸ்காரருக்குத் தெரிய வழியில்லை. எழுதிவிடுங்கள். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் பாதுகாப்பு கிடைக்காது, மற்றதெல்லாம் தப்பும்.

கே: பாலிசி இல்லை. 40,000 பவுண்டு கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. தூக்கம் இல்லை. வீட்டில் சொல்லவில்லை. (ஊர் வேண்டாம்)

ப: முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள். நோட்டீஸில் எழுதிய தொகை அவர்கள் கேட்கும் தொகை. நிரூபித்த தொகை அல்ல. தவறு நடந்தது, அதனால்தான் நஷ்டம், அந்த நஷ்டம் இவ்வளவு என்று மூன்றையும் அவர்கள்தான் காட்ட வேண்டும். ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி என்றால், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவு தூரத்து நஷ்டங்களைத் தள்ளிவிடும். 74ஆவது பிரிவு, அபராதத் தொகை எழுதியிருந்தாலும் நியாயமான ஈடுதான் தரும். எதையும் அழிக்காதீர்கள்: கமிட் வரலாறு, மெயில், வாட்ஸ்அப், கிளையன்ட் 'சோதித்துப் பார்த்தோம், சரி' என்று சொன்ன அந்த ஒரு வரி. மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுத வேண்டாம், கோபமாகவும் வேண்டாம். ஒப்பந்தத்தோடும் நோட்டீஸோடும் இந்த வாரமே ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள். நோட்டீஸில் கெடு இருந்தால் அதைத் தாண்டவிடாதீர்கள்.

கே: மச்சினர் எல்.ஐ.சி. ஏஜென்ட். அவரிடமே எடுத்துவிடவா? (நெல்லை வாசகர்)

ப: எல்.ஐ.சி. விற்பது ஆயுள் காப்பீடு. பி.ஐ. பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளின் சரக்கு. மச்சினரிடம் காரணத்தோடு மறுக்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

கே: 'பிரீமியம் அடுத்த மாதம் கட்டிக்கொள்ளலாம் சார், பாலிசி இன்றைக்கே ஆரம்பம்' என்கிறார் புரோக்கர். நல்ல மனிதராகத் தெரிகிறார். (தஞ்சை வாசகர்)

ப: நல்ல மனிதர்தான். 1938ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64வி.பி. பிரிவைப் படிக்காத நல்ல மனிதர். பிரீமியம் முன்கூட்டி வந்து சேராமல் இந்தியாவில் எந்தக் கம்பெனியும் பொறுப்பை ஏற்கக் கூடாது என்கிறது அது. இன்றைக்கே கட்டி, ரசீதில் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.