காதல் என்றாலே கண்ணீரா?

கேள்வி: ஆரம்பகால ஸ்பானிஷ் பேசும்படங்களில் காதல் என்றாலே அழுகைதானாமே? அதையும் பார்க்க வேண்டுமா?
– திருச்சி வாசகி

பதில்: அவசியம் பார்க்க வேண்டும். யாருக்காக அழ வைக்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

1932இல் மெக்சிகோ நகரில் வெளியான ‘சாந்தா’வை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெடரிகோ கம்போவாவின் 1903ஆம் ஆண்டு நாவல்தான் கதை. இயக்கியவர் அந்தோனியோ மொரேனோ. ஒலியைப் படச்சுருளிலேயே பதிவு செய்த முன்னோடி மெக்சிகப் படம் இது. அப்படிப் பதிவு செய்யும் கருவியை உருவாக்கியவர்கள் ரோட்ரிகஸ் சகோதரர்கள்.

கிராமத்துப் பெண் சாந்தாவை ஒரு சிப்பாய் ஏமாற்றிவிட்டுப் போகிறான். வீட்டார் விரட்டுகிறார்கள், நகரத்து விபசார விடுதி அவளைச் சேர்த்துக்கொள்கிறது. அங்கே பியானோ வாசிக்கும் இப்போலித்தோவுக்குப் பார்வை இல்லை. ஊரே அவள் அழகைப் பார்க்க, அவள் மனதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். நோயில் விழுந்தவளை எல்லோரும் கைவிட, அவர் மட்டும் விடவில்லை. அறுவைச் சிகிச்சை மேசையிலேயே அவள் உயிர் பிரிகிறது.

ஏமாற்றியவனுக்குக் கேள்வி இல்லை. ஏமாந்தவளுக்கு ஆயுள் தண்டனை. அந்த அநியாயத்தை நமக்கு உறைக்க வைப்பதுதான் அந்தக் கண்ணீரின் வேலை.

சாந்தாவாக வாழ்ந்த லூபிதா தோவர், 2016இல் 106 வயதில் மறைந்தார். அவரை வெறும் அழுமூஞ்சி நாயகி என்று ஒதுக்காமல், ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள்.