கொட்டாவியின் சான்றுமதிப்பு: ரியாக்‌ஷன்காரரும் ஃபில்லர் எபிசோடும் குறித்து ஓர் ஆய்வு

பிறர் எப்போதோ பார்த்து முடித்ததைத் தாம் முதன்முறையாகப் பார்ப்பதே ரியாக்‌ஷன்காரரின் தொழில். அவர் விற்கும் சரக்கு கதையறிவன்று, கதையறியாமை. அதையும் ஒரு தொடருக்கு ஒரே தடவைதான் விற்க முடியும். வாங்க வருவோருக்குக் கதை தலைகீழ்ப் பாடம். திரையில் ஓடும் தொடரை அவர்கள் பார்ப்பதில்லை, மூலையில் சிறு கட்டத்துக்குள் இருக்கும் முகத்தைப் பார்க்கிறார்கள். தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். யூடியூபின் தம்ப்நெயில்களைக் கொண்டு மதிப்பிட்டால் இவற்றுள் மருட்கைக்கே கிராக்கி: பிளந்த வாய், தலைமேல் இரு கைகள். அடுத்த இடம் அழுகைக்கு. இளிவரலுக்குப் போணியே இல்லை. வியாபாரம் இப்படிச் சீராக நடக்கும்போது குறுக்கே வந்து நிற்பது ஃபில்லர் எபிசோடு. அதைத் தாண்டிப் போய்விடலாம் என்பது பெரும்பான்மைக் கருத்து. தாண்டக் கூடாது, ரியாக்‌ஷன்காரரின் மற்ற முகபாவங்கள் அனைத்துக்கும் சான்றாக நிற்பது அதுவே என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதலில் நோயின் காரணம். ஜப்பானில் மங்கா எனும் படக்கதை வாரம் ஓர் அத்தியாயமாக வருகிறது; அதைத் தழுவிய அனிமே எனும் அசைபடத் தொடர் வாரம் ஓர் எபிசோடாக வருகிறது. ஓர் எபிசோடு பெரும்பாலும் ஓர் அத்தியாயத்துக்கு மேல் விழுங்கிவிடுவதால், சில ஆண்டுகளில் அனிமே மங்காவை எட்டிப் பிடித்துவிடும். ஒளிபரப்பை நிறுத்த மனமில்லாதவர்கள் மூல ஆசிரியர் எழுதாத கதைகளைத் தாமே சமைத்து, மங்கா முன்னே போகும் வரை காலத்தை ஓட்டுவார்கள்; அவையே ஃபில்லர். டிவி டோக்கியோவில் 2002 அக்டோபர் முதல் 2007 பிப்ரவரி வரை ஓடிய ‘நருட்டோ’ இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. அதன் 220 எபிசோடுகளில் 136 முதல் 219 வரை ஏறக்குறைய முழுவதும் ஃபில்லர். வாரத்துக்கு இரண்டு வீதம் பார்க்கும் ரியாக்‌ஷன்காரர் இந்தப் பாலையைக் கடக்க 42 வாரங்கள் ஆகும். ‘ஒன் பீஸ்’ வேறு வழி கண்டது. அங்கே ஃபில்லர் குறைவு. அதற்கு ஈடாக ஒருவர் ஒரு குத்து விடுவதைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் ஒருவர் பின் ஒருவராக அதிர்ந்து பார்ப்பார்கள். அதாவது அந்தத் தொடர் தன் ரியாக்‌ஷனைத் தானே செய்துகொள்கிறது. அது தனி ஆய்வுக்கு உரியது.

இந்த 84 எபிசோடுகளை என்ன செய்வது? நடைமுறையில் உள்ள வழிகள் பல. பேட்ரியானில் பணம் கட்டுவோரிடம் வாக்கெடுப்பு நடத்தலாம். கேமராவை அணைத்துவிட்டுத் தனியே பார்த்து இரண்டு நிமிடச் சுருக்கம் சொல்லலாம். நாலைந்து எபிசோடுகளை ஒரே வீடியோவாகக் கட்டலாம். ஸ்பாய்லர் படாமல் காக்கும் மாடரேட்டர் ஒருவரை அமர்த்தி, எதைப் பார்ப்பது என்ற முடிவை அவரிடமே விட்டுவிடலாம். ஆனால் பார்வையாளரின் பொது ஆலோசனை ஒன்றே: இணையத்தில் ஃபில்லர் பட்டியல் இருக்கிறது, அதன்படி ஸ்கிப் செய்யுங்கள். நல்லெண்ணத்தில் தரப்படும் இந்தப் பட்டியலைப் போலக் கொடிய ஸ்பாய்லர் வேறில்லை. 135ஆம் எபிசோடு முடியும்போது நாயகன் நருட்டோவின் நண்பன் சசுகே ஊரை விட்டுப் போயிருக்கிறான். 136இல் அவன் இருக்கும் இடம் பற்றித் துப்புக் கிடைத்து நருட்டோ கிளம்புகிறான். விஷயம் அறியாதவருக்கு இது நெஞ்சு படபடக்கும் இடம். இன்று கண்டுபிடிப்பானா, நாளையா? பட்டியலைப் பார்த்தவருக்கோ சசுகே கிடைக்கமாட்டான், முக்கியமான எவரும் சாகமாட்டார், எதுவும் மாறாது என்பது பெயர் போடும் முன்பே தெரிந்துவிடுகிறது. ஒரு பாத்திரம் சாகும் என்று சொன்னவனைத் தடை செய்யும் அதே பார்வையாளர், 84 எபிசோடுகளில் முக்கியமான ஒருவரும் சாகமாட்டார் என்று சொன்னவனுக்கு நன்றி கூறுகிறார். எட்டில் ஒன்றான அச்சத்தை அடியோடு பிடுங்கிய இந்தக் குற்றத்துக்கு இதுவரை தண்டனை இல்லை.

இனி சான்றுமதிப்புக்கு வருவோம். ரியாக்‌ஷன் எல்லாம் நடிப்பு என்பது இத்துறை மீது சுமத்தப்படும் பழைய வழக்கு. 133ஆம் எபிசோடில் நருட்டோவும் சசுகேவும் மோதும்போது ரியாக்‌ஷன்காரர் வாய் பிளக்கிறார். அது தானாகப் பிளந்ததா, பிளந்தால் காசு வரும் என்று பிளந்ததா? அந்த எபிசோடை மட்டும் வைத்து ஒருகாலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஏனெனில் இன்ன நிமிடத்தில் இன்ன பாவம் வர வேண்டும் என்று பார்வையாளர் முன்கூட்டியே குறித்து வைத்திருக்கிறார், ‘133க்காகக் காத்திருக்கிறோம்’ என்று பல மாதங்களாகச் சொல்லியும் வந்திருக்கிறார். ஃபில்லரில் அப்படி எந்த ஆர்டரும் இல்லை. அங்கே வரும் கொட்டாவியை வாங்க ஆள் இல்லாததால் அதைப் போலியாகச் செய்யவும் ஆள் இல்லை. செல்லாக் காசுக்கு எவரும் கள்ள அச்சு வார்ப்பதில்லை. ஆகவே 150ஆம் எபிசோடில் கொட்டாவி விட்டவரின் 133ஆம் எபிசோடு மருட்கையை நம்பலாம். 150இலும் தலைமேல் கை வைத்தவரின் பழைய வீடியோக்களை மறுபரிசீலனை செய்வது நலம்.

அப்படியானால் ஃபில்லர் என்று தெரிந்தவுடன் வேண்டுமென்றே கொட்டாவி விட்டுத் தம்மை நேர்மையாளராகக் காட்டிக்கொள்ளலாமே என்பது அடுத்த தடை. இதற்கு விடை ‘நருட்டோ’வின் 101ஆம் எபிசோடிலேயே உள்ளது. ஆசிரியர் காக்காஷியின் முகமூடிக்குள் என்ன இருக்கிறது என்று அவருடைய மூன்று மாணவர்கள் அலைவதுதான் கதை. அதுவும் ஃபில்லர். ‘டிராகன் பால் இசட்’டின் 125ஆம் எபிசோடில் உலகைக் காக்கும் கோகுவும் பிக்கலோவும் டிரைவிங் லைசென்ஸ் வாங்கப் போகிறார்கள். அதுவும் ஃபில்லர். இரண்டுக்கும் சிரிக்காதவர் அரிது. பட்டியலைப் பார்த்து முகத்தைத் தொங்கப் போட்டு வந்தவர் இங்கே மாட்டிக்கொள்வார். ஆகவே சொல்லாமல் பார்க்க வைப்பதே முறை.

மூல ஆசிரியர் எழுதாததற்கு ஏன் மெனக்கெட வேண்டும் என்பாரும் உளர். கம்பராமாயணப் பதிப்பாசிரியர்கள் கம்பர் வாக்கல்ல என்று ஐயுற்ற செய்யுள்களை மிகைப் பாடல்கள் எனத் தனியே வைத்தார்கள். ஆனால் ஒவ்வொன்றையும் படித்த பிறகே அப்படி வைத்தார்கள். சட்டமும் நம் பக்கம் சாய்கிறது. ஹொசைன்சாதே எதிர் கிளைன் வழக்கில் 2017இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம், விமர்சனம் நிறைந்த ரியாக்‌ஷன் வீடியோவை நியாயமான பயன்பாடு என ஏற்றது; விமர்சனமே இல்லாமல் கூடி உட்கார்ந்து பார்ப்பது போன்றவை வேறு வகை என்றும் குறித்தது. நல்ல எபிசோடில் ரியாக்‌ஷன்காரர் வாயடைத்துப் போகிறார். ஃபில்லரிலோ கதையின் ஓட்டை, படத்தின் தரம், பக்கத்துவீட்டு நாய் என ஓயாது பேசுகிறார். அவர் உண்மையில் விமர்சகராவது அப்போதுதான்.

தொல்காப்பியத்தில் தேர்ந்த ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: சலிப்பு எட்டுக்கு வெளியே என்பது போலப் பேசுகிறீர், அந்த எட்டுக்குப் பின் சொன்ன பட்டியலில் துஞ்சல், மடிமை, உயிர்ப்பு எல்லாம் இருக்கின்றனவே? இருக்கின்றன, தூக்கத்தையும் சோம்பலையும் பெருமூச்சையும் மெய்ப்பாடாகக் கொண்டவரை நம் கட்சிக்கே சாட்சியாக அழைக்கலாம். அவற்றைப் பதிவேற்றத் தகாதவை என்று ஒதுக்கியது பார்வையாளர்தான். அந்தப் பார்வையாளரும் தம் கொள்கையில் நிலைத்து நிற்பவரல்லர். 2009இல் கியோட்டோ அனிமேஷன் ‘ஹருஹி சுசுமியா’ தொடரில் ஒரே கோடை விடுமுறைக் கதையை எட்டு வாரம், எட்டுத் தடவையும் புதிதாக வரைந்து ஒளிபரப்பியது. மூல நாவல் வரிசையில் உள்ள கதை என்பதால் இலக்கணப்படி அது ஃபில்லர் அன்று. ஆனால் ஏழு எபிசோடுகளை நீக்கினாலும் கதை குறையாது. அன்று திட்டித் தீர்த்தவர்களே இன்று ரியாக்‌ஷன்காரரிடம் ஒன்றைக்கூட ஸ்கிப் செய்யக் கூடாது என்று கறாராக நிற்கிறார்கள், எட்டு என்ற எண்ணை அவரிடம் சொல்வதும் இல்லை. ‘நருட்டோ’வுக்கு நேரத்தின் அருமை பேசியவர்கள் இங்கே அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. ஐந்தாவது எபிசோடிலும் அதே நீச்சல்குளம் வரும்போது அந்தச் சிறு கட்டத்து முகம் போகும் போக்கைக் காண, மாதச் சந்தா கட்டிக் காத்திருக்கிறார்கள்.