அடுத்த மேசைக்கு, வழி சென்னை

கோவில்பட்டிக் கிளையில் கணக்கர் அனுப்பும் மெயில், மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கும் மேலாளருக்கு நேரே போகாது. சர்வர் சென்னைத் தலைமையகத்தில். போக 500 கிலோமீட்டருக்கு மேல், வர அதே அளவு.

பரிகாரம், கிளைக்கென்று ஒரு சர்வர். உள்ளூர்க் கடிதம் உள்ளூரிலேயே தங்கும்; மற்றது தலைமையகத்துக்கு ரிலே ஆகும். 1980களின் பிற்பாதியில் சென்னை ஐஐடியும் பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் (என்சிஎஸ்டி) டயல்-அப்பில் மெயில் பரிமாறியதும் இப்படித்தான்: சேர்த்து வை, லைன் கிடைத்ததும் தள்ளு.

கோடையில் வெடித்து, மழையில் உப்பும் கரிசலில் கேபிள் எப்போது அறும் என்று ஜோசியரும் சொல்லமாட்டார். அறுந்தாலும் கிளை சர்வரில் ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள் 5 நாள் சளைக்காமல் முயலும். வட்டி வசூலிக்க வருபவருக்கே அவ்வளவு பொறுமை கிடையாது.

அனுப்பியவருக்கோ 5 நிமிடம் தாங்காது. “சார், மெயில் வந்துச்சா?” என்று போன் போட்டு, விஷயத்தையும் அதிலேயே சொல்லி முடித்துவிடுவார். பின்னால் வந்து சேரும் மெயிலைப் பிரிண்ட் எடுத்து ஃபைலில் கோக்க ஓர் ஆள் வேண்டும்.